கண்ணுக்குப் புலப்படாததும் அளவைக்குப் புலப்படும்

(பெரிய முதலியார்சாவடியில் மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இவ்வூருக்கு வடக்கே இதே கடற்கரையில் மரக்காணத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. பாத்தியில் நிற்கும் நீரின் நிறத்தையும் தடிப்பையும் கண்டு, அது முதிர்ந்ததா இல்லையா என்று தேர்ந்த தொழிலாளி ஓரளவு சொல்லிவிடுவார். ஆயினும் உறுதியான விடையைத் தருவது பாமே மானி என்னும் மிதவைக் கருவியே. கடல்நீரில் இட்டால் அது ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். உப்பு விளையும் பக்குவம் வந்த நீரில் ஏறத்தாழ 25 டிகிரி காட்டும். கண் சொல்வதை மானி சரிபார்க்கிறது.

தமிழில் 'அளவை' என்னும் சொல் இரு பொருள் தரும். நாழியும் மரக்காலும் கொண்டு முகப்பதும் அளவை. உண்மையை அறிதற்குரிய வழியும் அளவை. காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்த தருக்க நூலோர், புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதைக் கருதலளவைக்கு எடுத்துக்காட்டாகக் கூறினர். ஐம்பொறிக்கும் எட்டாத ஒன்றை அறிய வேண்டுமாயின் கருதலளவையே துணை. அவ்வாறு பொறிக்கு எட்டாமல், குடியிருக்கும் வீட்டிலேயே குடியிருக்கும் ஒரு வாயுவைப் பற்றியதே இன்றைய உரை. அதன் பெயர் ரேடான்.

ரேடான் என்பது யாது?

பாறையிலும் மண்ணிலும் யுரேனியம் மிகச் சிறிய அளவில் எங்கும் கலந்திருக்கிறது. அது நெடுங்காலத்தில் படிப்படியாகச் சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் ஆகிறது. யுரேனியமும் ரேடியமும் திண்பொருள்கள். கிடந்த இடத்திலேயே கிடப்பவை. ரேடானோ வாயு, மண்ணின் நுண்துளைகள் வழியே மேலெழுந்து வருவது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தோரியத்திலிருந்து எழும் இதன் உடன்பிறப்பான தோரானை 1899இல் ரூதர்போர்டும் ஓவன்சும் கண்டனர். ரேடியத்திலிருந்து எழும் ரேடானை 1900இல் செருமானிய அறிஞர் பிரீடிரிக் எர்ன்ஸ்ட் டோர்ன் கண்டார்.

வெட்டவெளியில் எழும் ரேடான் காற்றில் கலந்து நீர்த்துப்போகிறது. அதை அளக்கும் அலகு பெக்கெரல். ஒரு நொடியில் ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கெரல். வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்குப் பெரும்பாலும் 5 முதல் 15 பெக்கெரல் அளவே ரேடான் இருக்கும். வீட்டின் நிலை வேறு. தரையின் விரிசல், குழாய் நுழையும் இடுக்கு, சுவரும் தளமும் கூடும் இணைப்பு ஆகியவற்றின் வழியே அது உட்புகுகிறது. கதவும் சாளரமும் மூடியிருந்தால் வெளியேற வழியின்றி அங்கேயே சேர்கிறது.

ரேடான் 3.8 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். கேட்போருக்கு இது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் இடர் பிறப்பதே அந்தச் சிதைவில்தான். சிதைந்த ரேடான் பொலோனியம் முதலிய திண்பொருள்களாகிக் காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொள்கிறது. மூச்சோடு உட்சென்று மூச்சுக்குழாயின் சுவரில் தங்குகிறது. அங்கிருந்து ஆல்பாத் துகள்களை வீசுகிறது. ஆல்பாத் துகள் ஒரு தாளைக்கூடத் துளைக்க வலியற்றது. உடலின் மேற்றோலே அதனைத் தடுத்துவிடும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் அத்தகைய காப்புத் தோல் இல்லை. உயிருள்ள செல்களின் மீதே அத்துகள் பாய்கிறது. பல்லாண்டு பாய்ந்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது.

புகையாதாரும் கேட்க வேண்டிய செய்தி

செருமனியின் சினீபெர்க் சுரங்கங்களில் உழைத்தோர் பல தலைமுறைகளாக ஒரு மார்நோயால் மாண்டுவந்தனர். அது நுரையீரலில் தோன்றும் புற்று என்று 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸெ என்னும் மருத்துவர் இருவர் எடுத்துக்காட்டினர். பின்னர் யுரேனியச் சுரங்கத் தொழிலாளரிடமும் அதே நோய் காணப்பட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் ரேடானை, மனிதர்க்குப் புற்று விளைப்பது என ஐயமற நிறுவப்பட்ட பொருள்களின் வரிசையில் வைத்தது.

சுரங்கத்துக்குப் பொருந்துவது வீட்டுக்கும் பொருந்துமா என்னும் வினா எழுந்தது. ஐரோப்பாவில் நடந்த 13 ஆய்வுகளைச் சாரா டார்பி தலைமையிலான அறிஞர் குழு ஒருங்கு திரட்டி 2005இல் விடை கூறியது. நுரையீரல் புற்றுற்ற 7,148 பேரின் வீடுகளும், அந்நோய் இல்லாத 14,208 பேரின் வீடுகளும் அதில் ஒப்பிடப்பட்டன. வீட்டுக் காற்றில் ரேடான் 100 பெக்கெரல் கூடுந்தோறும் நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் முடிபு.

இவ்வெண்ணைத் தனியே கேட்டால் அச்சம் எழும். ஆதலால் முழுக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். 75 வயதுக்குள் நுரையீரல் புற்றால் இறப்போர், புகைபிடியாத 1,000 பேரில், ரேடானே இல்லாத நிலையில் 4 பேர். 100 பெக்கெரலில் 5 பேர். 400 பெக்கெரலில் 7 பேர். நாள்தோறும் ஒரு பெட்டி அளவு புகைப்போர் 1,000 பேரிலோ அது முறையே 100, 120, 160. ரேடானும் புகையும் கூடினால் கேடு எத்துணை பெருகும் என்பதை இவ்விரு வரிசைகளும் காட்டுகின்றன.

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் கள்ளும் ஊனும் விலக்கப்பட்டவை, புகையும் விலக்கப்பட்டதே. அவ்வொழுக்கம் மேற்கண்ட கணக்கில் மக்களைச் சிறிய எண்ணின் பக்கம் நிறுத்தியிருக்கிறது, அது பெரும்பேறு. ஆயினும் அதே ஒழுக்கம் ஒரு மயக்கத்தையும் தருவதுண்டு. தூய உணவு உண்டு, பொழுது சாயுமுன் உண்டு, புகையைத் தீண்டாது வாழ்வோர்க்கு நுரையீரல் புற்று வாராது என்னும் எண்ணமே அது. என்றும் புகைபிடித்திராதவர்க்கு அந்நோய் வருவதற்கான காரணங்களில் ரேடானே முதன்மையானது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஒழுக்கம் உள்ளத்தைத் தூய்மையாக்கும். அறையின் காற்றைத் தூய்மையாக்கச் சாளரமே வேண்டும்.

நிலமும் வீடும்

இக்கடற்கரை மணலும் செம்மண்ணும் படிந்த படிவு நிலம். மேற்கே செல்லச் செல்ல நிலத்தின் இயல்பு மாறுகிறது. திண்டிவனம் கடந்து செஞ்சி, மேல்சித்தாமூர், வந்தவாசி, பொன்னூர் எனத் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழும் ஊர்கள் பெரும்பாலும் கருங்கற் பாறை நிலத்தில் அமைந்தவை. கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. பெங்களூரு போன்று, பலர் பிழைப்பு நாடிக் குடியேறிய நகரங்களும் அத்தகைய பாறை நிலத்தில் நிற்பவையே. எனினும் நிலத்தைக் கொண்டு மட்டும் வீட்டை முடிவு செய்துவிட முடியாது. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றில் ரேடான் குறைந்தும் மற்றொன்றில் மிகுந்தும் இருக்கலாம். அடித்தளம் இட்ட முறை, விரிசல், காற்றோட்டம் ஆகியவை வீட்டுக்கு வீடு மாறுபடுவதே காரணம்.

பழைய வீடுகளில் மண்தரை இருந்தது. அதன் வழியே வாயு எளிதில் எழும். ஆனால் திண்ணையும் நடுமுற்றமும் ஓட்டுக் கூரையின் இடைவெளியும் அதனை அவ்வப்போதே வெளியேற்றின. முன்னோர் ரேடானை அறிந்து முற்றம் வைத்தனர் என்று பெருமை பேசுதல் வாய்மைக்கு ஒவ்வாது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வைத்த முற்றம் அறியாமலே இந்நன்மையையும் செய்தது, அவ்வளவே.

இன்றைய வீடுகளில் சிமெண்ட்டுத் தளம் வாயுவை ஓரளவு தடுக்கிறது. ஆனால் கொசுவுக்கு அஞ்சியும் ஏ.சி. குளிர்ச்சி வீணாகாதிருக்கவும் சாளரங்கள் இரவெல்லாம் மூடப்படுகின்றன. வீட்டுச் சுவரில் மாட்டும் ஏ.சி. பெட்டி பெரும்பாலும் அறையிலுள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. எட்டு மணி நேரம் மூடிய அறையில் உறங்குவோர் அவ்வறையில் சேர்ந்ததையே மூச்சாக இழுக்கின்றனர். பளபளக்கும் கருங்கல் பலகை பதித்த சமையல் மேடையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் அடிமண்ணிலிருந்து வருவதே மிகுதி.

நீரைப் பற்றியும் ஒரு சொல். ஆழ்துளைக் கிணற்று நீரில், அதிலும் பாறை நிலத்து நீரில், ரேடான் கரைந்திருக்கக்கூடும். துணியில் வடிகட்டிய நீரைப் பருகுவது சமணர் இல்லங்களின் மாறாத நெறி. அத்துணி நீரில் வாழும் சிற்றுயிரைக் காக்கும். ரேடான் அணுவைத் தடுக்காது. நீரைக் காய்ச்சினாலும், காற்றுப்படச் சலசலக்க விட்டாலும் வாயு பிரிந்துவிடும். அவ்வாறு பிரிவது மூடிய குளியலறைக்குள் நிகழாதபடி அங்கே காற்றோட்டம் இருத்தல் நன்று.

இரண்டு ஊர்கள், இரண்டு பாடங்கள்

ஒருபக்கத்தை மட்டும் கண்டு முடிவு கட்டாதிருத்தல் அனேகாந்த நெறி. அதற்கேற்ப இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துக் காணலாம்.

திருவிதாங்கூரிலிருந்து செருமனிக்கு ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு என்னும் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்னும் வேதியியலார் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் அவ்வாறே உலகப் புகழ் பெற்றது. மோனசைட்டில் தோரியம் உண்டு. திருமண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலுக்கு ஒளி தந்தது அந்தத் தோரியமே. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இம்மணல் மிகுதி. கல்பாக்கத்துக் கடற்கரை மணலிலும் இது ஓரளவு காணப்படுகிறது. கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மைய ஆய்வு 2009இல் வெளிவந்தது. மணலிலிருந்து வரும் காமாக் கதிரால் அங்கே புற்றுநோய் மிகுந்ததாக அவ்வாய்வு காணவில்லை. கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை என்பது முதற் பாடம்.

இரண்டாவது செய்தி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிகழ்ந்தது. 1984 டிசம்பரில், அங்கே கட்டப்பட்டுவந்த லிமெரிக் அணுமின் நிலையத்தின் பொறியாளர் ஒருவர் கதிரியக்கக் கண்காணிப்பு வாயிலைக் கடக்கும்போது எச்சரிக்கை மணி ஒலித்தது. நிலையம் அப்போது மின் உற்பத்தியே தொடங்கியிருக்கவில்லை. ஆராய்ந்தபோது, அவர் கதிரியக்கப் பொருளை வீட்டிலிருந்து உடலிலும் உடையிலும் சுமந்து வந்தமை தெரிந்தது. அவ்வீட்டின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கெரல் ரேடான் இருந்தது. அக்குடும்பம் எந்தத் தீங்கையும் உணராமலே அங்கு வாழ்ந்துவந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று கொள்ளக்கூடாது என்பது இரண்டாம் பாடம்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கருநாகப்பள்ளி ஆய்வு அளந்தது உடலுக்கு வெளியேயிருந்து வரும் காமாக் கதிரை. மோனசைட்டுத் தோரியத்திலிருந்து பிறக்கும் தோரான் ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடுவது. மணலைவிட்டு வெளிவரும் முன்பே பெரும்பகுதி மறைந்துவிடும். பென்சில்வேனியாவில் நிகழ்ந்ததோ பாறையிலிருந்து எழுந்த ரேடான் மூடிய வீட்டுக்குள் சேர்ந்த நிகழ்வு. இவ்வீட்டின் நிலை எது என்னும் வினாவுக்கு அச்சமும் விடை தராது. அலட்சியமும் விடை தராது. அளத்தலே விடை தரும்.

அளப்பது எவ்வாறு?

அளக்கும் முறைகள் எளியவை. முதலாவது, சிறிய கிண்ணத்துள் செல்லுலோசு நைட்ரேட்டுப் படலம் ஒன்றை வைத்து அறையில் தொங்கவிடுவது. ஆல்பாத் துகள் படுந்தோறும் படலத்தில் நுண்ணிய வடு விழும். மூன்று மாதம் கழித்துப் படலத்தை எரிசோடாக் கரைசலில் இட்டால் வடுக்கள் பெரிதாகித் தெரியும். அவற்றை எண்ணி ரேடானின் அளவைக் கணிப்பர். புகை கொண்டு நெருப்பை அறிவது போல வடு கொண்டு வாயுவை அறியும் கருதலளவை இது. பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய கிண்ணங்களை வடிவமைத்துள்ளது. நீலகிரியின் கூடலூர்ப் பகுதி வீடுகளில் ரேடான், தோரான் அளவுகளைக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தார் அளந்து வெளியிட்டுள்ளனர். இரண்டாவது, பதப்படுத்திய கரி நிறைந்த சிறு டப்பாவைச் சில நாள் திறந்து வைத்து, பின் மூடி ஆய்வகத்துக்கு அனுப்புவது. மூன்றாவது, எண்ணால் அளவைக் காட்டும் மின்னணுக் கருவி. ஒன்றை வாங்கினால் பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

கருவியை வைக்கும் இடமும் முறையும் இன்றியமையாதன. குடியிருக்கும் தளங்களில் தாழ்ந்த தளத்தில், படுக்கையறையில் வைத்தல் வேண்டும். மூச்சு இழுக்கும் உயரத்தில், சாளரத்துக்கும் மின்விசிறிக்கும் விலகி, சுவரை ஒட்டாமல் வைத்தல் வேண்டும். சமையலறையும் குளியலறையும் ஏற்றவையல்ல. இக்கடற்கரையில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சாளரங்கள் மூடப்படும். கோடையில் கடற்காற்றுக்குத் திறக்கப்படும். ஆதலால் ஒரு வாரத்து அளவைவிட மூன்று மாத அளவு நம்பத்தக்கது; ஓராண்டு அளவு அதனினும் நம்பத்தக்கது. சில நாள் அளவு மிகுதியாக வந்தால் உடனே கலங்காமல் நீண்டகால அளவையால் உறுதி செய்தல் முறை.

உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட கையேடு 100 பெக்கெரலை வரம்பாகக் கொள்ளப் பரிந்துரைக்கிறது. அது இயலாத நாடுகளிலும் வரம்பு 300ஐத் தாண்டலாகாது என்கிறது. அமெரிக்காவில் 148, கனடாவிலும் பிரிட்டனிலும் 200 என்னும் அளவுகளில் வீட்டைச் சீர்செய்யுமாறு அறிவுறுத்துகின்றனர். அந்நாடுகளில் குடியேறிய மக்களும் பேரக்குழந்தைகளும் நிலத்தடி அறை கொண்ட வீடுகளில் வாழ்கின்றனர்; குளிர்காலம் முழுதும் கதவடைத்தே இருக்கின்றனர். அங்கே சோதனைப் பெட்டி எளிதில் கிடைக்கும். தொலைபேசியில் நலம் விசாரிக்கும் பெற்றோர், 'வீட்டில் ரேடான் அளந்தாயிற்றா?' என்று ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்கலாம். வீடு வாங்குமுன் கேட்டால் இன்னும் நன்று.

அளவு மிகுந்தால் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. முதற்கண் காலையும் மாலையும் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து காற்றோடச் செய்தல். அடுத்து, தரையின் விரிசலையும் குழாய் இடுக்கையும் அடைத்தல். இவை போதாவிடின் தளத்துக்கு அடியில் ஒரு குழாயை இறக்கி, சிறு விசிறியால் மண்ணின் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடுதல். இம்முறையால் பென்சில்வேனியாவின் அந்த வீடே மீண்டும் குடியிருக்கத் தக்கதாயிற்று. புதிதாக மனை கோலுவோர் தளம் இடும்போதே சரளைக்கல் படுகையும் ஒரு குழாயும் வைத்துவிட்டால் பின்னாளில் செலவு குறையும்.

பிரமாதம் என்னும் சொல்

பேச்சு வழக்கில் 'பிரமாதம்' என்றால் மிகச் சிறப்பு என்று பொருள். ஆகமத்தில் அச்சொல்லுக்குக் கவனமின்மை என்பது பொருள். வினை உயிரைக் கட்டுதற்குரிய காரணங்கள் ஐந்தனுள் பிரமாதமும் ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி முனிவர் இம்சையின் இலக்கணத்தைக் கூறுமிடத்தும் கவனமின்மையையே அடிப்படையாக வைத்தார். தரையைப் பார்த்து நடக்கும் முனிவரின் ஈரியா சமிதியும், பொருளைப் பார்த்து எடுத்து வைக்கும் இல்லறத்தாரின் பழக்கமும் அந்தக் கவனமின்மையை வெல்லும் பயிற்சிகள்.

நோய் வந்தபின் 'முன்வினை' என்று சொல்லி அமைவது எளிது. அளந்து அறியக்கூடியதை அளக்காமல் விட்டு, விளைவை வினையின் மேல் ஏற்றுவது வினைக்கொள்கை ஆகாது. அது பிரமாதமே ஆகும். அறையில் உறங்கும் குழந்தையும், மூப்பால் படுக்கையை விட்டு எழாத தாயும் தம் காற்றைத் தாமே அளந்துகொள்ள இயலாதவர்கள். அவர்கள் பொருட்டு அளப்பது இல்லறத்தானின் கொல்லாமை நோன்பில் அடங்கும்.

இவ்விழாவை நடத்தும் அறக்கட்டளை எளிதில் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. இயற்பியல் பயிலும் இளைஞர் சமூகத்தில் பலர் உள்ளனர். அவர்கள் துணையோடு ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறையை அணுகலாம். ஊருக்குச் சில வீடுகள் எனத் தேர்ந்து, கடற்கரை மணல் நிலத்திலும் செஞ்சி, வந்தவாசிப் பாறை நிலத்திலும் ஓராண்டு அளக்கச் செய்யலாம். எண் சிறியதாக வந்தால் அச்சமின்றி உறங்கலாம். பெரியதாக வந்தால் சாளரத்தைத் திறந்து, விரிசலை அடைத்து, குழாயை இறக்கலாம்.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்பது மும்மணிகளின் வரிசை. உள்ளதை உள்ளபடி காண விழைதல், அளந்து அறிதல், அறிந்தவாறு நடத்தல் எனக் குடியிருக்கும் வீட்டின் காற்றுக்கும் அவ்வரிசை பொருந்தும். எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அறம் ஓங்குக!